வைத்தியருக்கு ஒரு கன்செர்ட்டோ

இந்த வாரம் இரணியலுக்குப் பக்கத்து ஊருக்குப் போவோம். நெய்யூர். லண்டன் மிஷன் 1838இல் வைத்தியம் தொடங்கிய இடம்.

போகும் வழியில் கொஞ்சம் இசை. மேல்நாட்டுக் கச்சேரிகளில் இடைவேளைக்கு முன் உருக்கமான பியானோ கன்செர்ட்டோவும், பின் போர்க்காலச் சிம்பொனியும் வாசிப்பதுண்டு. பாயசத்தை முதலில் விளம்பிவிட்டுச் சோறு போடுவதுபோல என்று எனக்குத் தோன்றும். முதல் சிம்பொனி 1897இல் தோற்று, எழுத முடியாமல் ஒடிந்துபோன ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவைத் தேற்றியவர் நிக்கோலாய் டால் என்னும் வைத்தியர். இரண்டாம் பியானோ கன்செர்ட்டோ அவருக்கே காணிக்கை. இன்னொரு ரஷ்யரான ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியோ, 1942 ஆகஸ்ட் 9இல் முற்றுகைக்குள் பட்டினி கிடந்த லெனின்கிராட்டில் ஒலித்தது. ஆள் போதாமல் ராணுவத்திலிருந்தும் வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள்.

வைத்தியம், போர், இசை மூன்றும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது நம் நெய்யூரில்தான். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், 1916இல் சோம் போர்முனையில் ராணுவ மருத்துவர். கண்ணுக்கெட்டிய தூரம் ஸ்ட்ரெச்சர்களில் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்தவர். 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைக் கண்டார். அத்தனை பேருக்கும் ஒற்றை டாக்டர். லண்டனில் காத்திருந்த நல்ல உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டு நெய்யூருக்கே வந்தார்.

1924இல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 8,500 மீட்டர். இறங்கும்போது, குளிரில் வெந்து கழன்ற தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்தது. உட்கார்ந்து, இரு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது.

அதே மனிதர் திபெத்தில் கேட்ட நாட்டுப்புற மெட்டுகளை ஸ்வரப்படுத்தி, எவரெஸ்ட் பயணத்தின் மௌனப்படத்துக்காக மேற்கத்திய வாத்தியங்களுக்கு அமைத்துக் கொடுத்தார். இந்த ஒரு விஷயம் நம் பக்கத்தில் பேசப்படுவதே இல்லை. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கும் அவர் டாக்டர்தான்.

நெய்யூரில் அவர் கத்தி அதிகம் கண்டது வயிற்றுப்புண்ணை. இரைப்பை அறுவையைப் பற்றி அவர் எழுதிய ஒரு புத்தகமே 1948இல் வந்தது. திருவிதாங்கூர்க்காரர்களின் வயிறு கற்றுக்கொடுத்த பாடம்.