பேச்சிப்பாறை அணை உள்ள தபால்தலை

நாகர்கோவிலில் தபால்தலை சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது 1939 திருவிதாங்கூர் அஞ்சல் வரிசை. 7 சக்கரத் தலையில் நம்ம குமரிமுனை, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்படியானால் அணைத் தலை அரை ரூபாய். சாதாரணக் கடிதத்துக்கு யார் அதை ஒட்டியிருப்பார்கள்?

திருவிதாங்கூரின் முதல் தபால்தலை 1888இல் வந்தது. அதில் அரச சின்னமான சங்கு. சங்குத் தலைகள் பல பத்தாண்டுகள் அச்சானதால் பல இன்றும் மலிவு, தொடங்குகிறவர்களுக்கு நல்லவை. பிற்காலத் தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளேயும் சின்னச் சின்னச் சங்குகள் தெரியும். அந்த நீர்க்குறியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஓரப் பற்கள் முறியாமல், நிறம் வெளுக்காமல் இருக்கணும்.

1951இல் திருவிதாங்கூரின் அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு சேர்ந்தது. 1956இல் குமரிக்காரர்களான நாம் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தோம். இன்றும் பழைய வீட்டுப் பெட்டிகளில் கோட்டாறு, தக்கலை முத்திரை விழுந்த உறைகள் கிடைக்கலாம். தலையை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், மக்களே! முத்திரையும் முகவரியும் சேர்ந்த முழு உறைக்கே மதிப்பு.