பதக்கப் பட்டியலில் விடுபட்ட போர்: வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணனின் விருதுகள் குறித்து

வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் (1919–1982) பெயரோடு இரண்டு பதக்கங்களின் சுருக்கங்கள் அச்சாவது வழக்கம். ஒன்று பி.வி.எஸ்.எம். எனப்படும் பரம் விசிஷ்ட சேவா பதக்கம். மற்றது டி.எஸ்.சி. எனப்படும் பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளிச் சிலுவை. 1972இல் பத்மபூஷண் இவற்றோடு சேர்ந்தது. தமிழரான இந்தக் கடற்படைத் தளபதி விட்டுச்சென்ற விருதுகளில் போர்க்கள வீரத்துக்கென்று தரப்பட்டது சிலுவை ஒன்றுதான். அதுவும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால், கிருஷ்ணனின் இருபது வயதுகளின் தொடக்கத்தில் கிடைத்தது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் வங்காள விரிகுடாக் கடற்போர் முழுவதற்கும் பொறுப்பேற்றிருந்தவர் அவர். அந்தப் போருக்காக அவர் மார்பில் வீர விருது எதுவும் ஏறவில்லை. இந்த விடுபடலைப் புறக்கணிப்பு என்று சிலர் படிக்கக்கூடும். அது நம் விருது முறையின் அமைப்பில் அன்று இருந்த ஓர் இடைவெளி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சிலுவை. 1901இல் வேறொரு பெயரில் தொடங்கி 1914இல் இன்றைய பெயரைப் பெற்ற அது, எதிரியின் முன்னிலையில் இளநிலை அதிகாரிகள் செய்த குறிப்பிட்ட செயல்களுக்கு 1993 வரை உரியதாக இருந்தது. 1941இல் பிரிட்டிஷ், சோவியத் படைகள் ஈரானுக்குள் நுழைந்தபோது ராயல் இந்தியக் கடற்படையின் கப்பல்களும் பாரசீக வளைகுடாவில் இறங்கின. அந்த நடவடிக்கைகளில்தான் இளம் அதிகாரி கிருஷ்ணன் சிலுவையை ஈட்டினார். ஒரு நாள், ஓர் இடம், கண்ணால் பார்த்த மேலதிகாரி என்று எல்லாம் கைக்கெட்டும் அளவிலான செயல். அதைச் சான்றுரையில் எழுதிவிட முடியும்.

முப்பது ஆண்டுகள் கழித்து அவர் செய்ததை அப்படி எழுத முடியாது. 1971இல் கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமைத் தளபதி. கிழக்குக் கடற்படை அணி அமைக்கப்பட்டதே அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான். அதன் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்தது. அதைத் தேடி நவம்பர் 14இல் கராச்சியிலிருந்து கிளம்பியது பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி. அமெரிக்காவிடமிருந்து பெற்ற, நெடுந்தூரம் ஓடக்கூடிய கப்பல் அது. நவம்பர் கடைசி வாரத்தை ஒட்டிச் சென்னைக்கு அப்பாலுள்ள கடலில் அது விக்ராந்தைத் தேடியது. அதற்குள் விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கிவிட்டது.

கிருஷ்ணனின் வேலை, விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைப்பது. பழைய அழிப்புக்கப்பலான ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி, ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு உரிய அளவில் கம்பியில்லாத் தந்திச் செய்திகளைப் பெருக்கினார். கப்பலின் பெருங்குழுவுக்குத் தேவையான இறைச்சியும் காய்கறியும் துறைமுக ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கப்பட்டன. தாய்க்கு உடல்நிலை மோசம் என்று மாலுமி ஒருவர் விசாரிப்பதுபோல ஒரு தந்தியும் போனது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டின முகத்துவாரத்துக்கு வெளியே காஸி தொண்ணூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது.

எதனால் மூழ்கியது என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை. ராஜ்புத் வீசிய ஆழ்நீர் வெடிகுண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. ராஜ்புத்தின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் வீர் சக்ரா பெற்றார். தான் விதைத்த கண்ணிவெடியிலோ உள்வெடிப்பிலோ கப்பல் அழிந்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. காஸி தொடர்பான கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010இல் செய்திகள் வெளிவந்தன. என் கணிப்பில், இந்தச் சர்ச்சை எப்படித் தீர்ந்தாலும் கிருஷ்ணனின் பங்கு குறையாது. விக்ராந்த் இல்லாத துறைமுகத்தின் வாயிலுக்குக் காஸியை வரவழைத்ததுதான் அவர் சாதனை. அதன் பலன் அடுத்த நாளே தெரிந்தது. டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீஹாக், அலீஸ் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கடல்வழி அடைபட்டது. டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்டபோது பின்னால் நின்றவர்களில் கிருஷ்ணனும் ஒருவர்.

இப்படியொரு பணிக்கு 1971இல் எந்தப் பதக்கம் தந்திருக்க முடியும்? பரம் வீர், மகாவீர், வீர் சக்ரங்கள் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கானவை. பரம் விசிஷ்ட சேவா பதக்கமோ மிக உயர்ந்த பணிக்கானது, வீரத்தைக் கணக்கில் எடுக்காதது. போர்க்காலத் தலைமைக்கு என்று தனிப்பதக்கம் அன்று நம்மிடம் இருக்கவில்லை. அதற்கான சர்வோத்தம் யுத்த சேவா பதக்கம் 1980இல்தான் நிறுவப்பட்டது. அரசு குடிமை விருதுகளை நாடியது இதனால்தான். தரைப்படைத் தலைமைத் தளபதி மானெக்‌ஷாவுக்குப் பத்மவிபூஷண், கிழக்கு முனையின் தரைப்படைத் தளபதிகளான அரோராவுக்கும் சகத் சிங்குக்கும், கிருஷ்ணனுக்கும் பத்மபூஷண்.

ஒரு மறுப்பு எழலாம். 1965இல் படைப்பிரிவுத் தளபதி ராஜிந்தர் சிங் ஸ்பாரோ மகாவீர் சக்கரம் பெறவில்லையா? பெற்றார். ஆனால் அவர் களத்தில் டாங்கிகளோடு நின்றவர். 1971இலும் மகாவீர் சக்கரம் விக்ராந்தின் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சிறு படகுகளோடு குல்னா பக்கம் ஊடுருவிய கமாண்டர் சமந்துக்கும், அதே தாக்குதலில் போரிட்ட மாலுமி சிமன் சிங்குக்கும் போனது. எதிரியின் எதிரே நின்றவர்கள் அவர்கள், தகுதியானவர்களே. கரையிலிருந்த கட்டளை அறை அந்த விதிக்குள் வரவில்லை.

காஸியின் தேடலோடு, புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் குண்டுவீசித் தாக்கியபோது சென்னை நகரமே காலியானது. அந்தப் பயத்தை முதியவர்கள் பேசக் கேட்டவர்கள் உண்டு. 1971இல் இதே சோழமண்டலக் கடலில் நடந்த தேடலுக்கு அப்படிக் கரையோர நினைவு எதுவும் எஞ்சவில்லை. வலை வீசியவர் கண்ணுக்கு அது தென்படவுமில்லை. நம் படைவரலாற்று எழுத்து பதக்கங்களை எண்ணி வீரத்தை அளப்பதால், சக்கரம் பெறாத பணிகள் நம் நூல்களில் ஏறுவதில்லை. கிருஷ்ணன் தாமே எழுதிய இரண்டு நூல்கள் இல்லாவிட்டால் ஏமாற்று நடவடிக்கையின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அவை ஆங்கிலத்தில் உள்ளன, தமிழில் வரவேண்டும்.

கடற்படையில் பணியாற்றியவர்களின் பதக்கங்கள் தமிழ்நாட்டின் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றோடு இருக்கும் சான்றுரை, பணிப் பதிவேடு, கப்பல்களிலிருந்து எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைத் தனியே பிரித்துவிடாதீர்கள். பணியாற்றிய கப்பல், துறைமுகம், ஆண்டு ஆகியவற்றை உயிரோடிருப்பவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு நகலைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள்.