கற்கும் ஊக்கமும் காக்கும் அறமும்: திருப்பூர் பனியன் தொழில் வரலாறு

கொங்கு நாட்டிற்கும் நம் சமயத்திற்கும் உள்ள தொடர்பு மிக நெடியது. திருப்பூரிலிருந்து ஈரோடு செல்லும் வழியில், விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் தொன்மையான ஆலயம் இன்றும் நிற்கின்றது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் கொங்கு நாட்டவரே என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் தம் நூலின் பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறையையும் வகுத்துரைத்தார். ஆசிரியர் சொல்வதைச் செவ்வனே கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே கைகூடும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய பாதி, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும் என்பது அவர் கருத்து. இலக்கணம் பயில்வார்க்குக் கூறிய இம்முறை, அதே கொங்கு மண்ணில் ஒரு தொழில் வளர்ந்த வரலாற்றிற்கும் வியப்புறப் பொருந்துகின்றது.

திருப்பூர் முதலில் பருத்திக்கும் கதருக்கும் பெயர்பெற்ற ஊர். 1932 ஜனவரியில் கொடிகாத்த குமரன் உயிர்நீத்த ஊரும் அதுவே. 1925இல் குலாம் காதர் என்பார் பின்னல் எந்திரங்களை நிறுவிப் பனியன் நெய்யத் தொடங்கியதை இத்தொழிலின் தொடக்கமாகக் கூறுவர். பின்னர்ப் பைக்காரா நீர்மின்சாரம் கொங்கு நாட்டிற்கு வந்து எந்திரத் தொழில்களுக்குத் துணைநின்றது. நெடுங்காலம் அவ்வூரின் சரக்கு உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை உள்ளாடையே.

நாடு விடுதலை பெற்ற பின் வந்த ஆண்டுகளில் இத்தொழிலின் முகம் மாறியது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் கூலிக்குச் சேர்ந்தனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் தாமே கம்பெனி உரிமையாளர் ஆயினர். இம்மாற்றத்தை ஆராய்ந்த சரத் சாரி என்னும் அறிஞர் 2004இல் வெளியிட்ட தம் நூலில், அவ்வுரிமையாளர்கள் தம் உயர்வுக்குக் காரணமாக 'உழைப்பு' என்னும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறியதைப் பதிவுசெய்துள்ளார்.

அவ்வுழைப்பின் உள்ளீடு கல்வியே எனலாம். கைமடியாகச் சேர்ந்த சிறுவன், துணியை மடித்துக் கொடுத்தவாறே தையற்காரரின் கையசைவைக் கண்டு கற்றான். பின்னர் ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்தான். கட்டிங், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு படியிலும் எங்கே துணி வீணாகின்றது, எங்கே நேரம் கழிகின்றது என்பதை அறிந்தான். இது ஆசானிடம் பெற்ற கால் பங்கு. உறவினரோடும் உடன் வேலை செய்தாரோடும் கூட்டுச் சேர்ந்து, சில எந்திரங்களைக் கொண்டு ஜாப் ஒர்க் எடுத்தபோது விலை பேசவும், கடன் வாங்கவும், கொடுத்த சொல்லைக் காக்கவும் கற்றான். இது உடன் பயின்றாரிடம் பெற்ற கால் பங்கு. தன்னிடம் புதிதாக வந்தாரைப் பழக்கியபோதே தொழில் முழுவதும் அவனுக்கு வசமாயிற்று.

தளராமை என்பதை நாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே செயலில் நிற்பதாக எண்ணிவிடுகின்றோம். அவ்வாறு நின்றிருந்தால் திருப்பூர் இன்றும் வெள்ளைப் பனியனோடே இருந்திருக்கும். 1978இல் அந்தோனியோ வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வந்து டி-சர்ட்டுகளை நாடினார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியக் கடைத்தொடர்களும் வந்தன. சாயம், அச்சு, அளவு, கெடு என அனைத்தையும் அவ்வூர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1985இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990 அளவில் 300 கோடியை நெருங்கியது. அவ்வாண்டிலேயே திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. அண்மைக் காலத்தில் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைக் கடந்துள்ளது.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் வாய்மை ஆகாது. உழைத்தவர் அனைவரும் உயரவில்லை. நிலமும் உறவும் துணைநின்றவர்க்குத் திறந்த கதவு, பெண் தொழிலாளர்க்கும் நிலமற்றோர்க்கும் பெரும்பாலும் திறக்கவில்லை. 1984இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது தளராமையும் இவ்வூர் வரலாற்றின் ஒரு பகுதியே.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலாறும் விலை கொடுத்தது. சாயப்பட்டறைகளின் கழிவு உப்பும் நிறமும் ஆற்றில் கலந்தன. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று; கீழ்ப்பகுதி வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் போராடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் நின்றன.

நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று போற்றும் நம் சமயத்தார்க்கு இந்நிகழ்ச்சி ஆழ்ந்த பொருளுடையது. நீரை வடிகட்டிப் பருகும் சாவகன், தன் தொழிலால் ஓர் ஆற்றைக் கெடுக்க உடன்படலாமா? பிற உயிர்க்கு ஊறு செய்யும் செயலில் காட்டும் ஊக்கம், எத்துணை வன்மையுடையதாயினும், வினைப்பயனைப் பெருக்குவதே ஆகும்.

திருப்பூர் இப்பாடத்தையும் கற்றது. விரும்பிக் கற்றதன்று, ஆணையால் கற்றது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி, சவ்வு வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து உப்பை மீட்டு, நீரையும் உப்பையும் மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத இம்முறைக்குச் செலவு மிகுதி, மின்சாரமும் மிகுதி. அச்செலவைத் தாங்க இயலாது மூடிய பட்டறைகளும் உண்டு. ஆற்றின் பழைய புண் இன்னும் முற்றும் ஆறவில்லை. எனினும், மூடிய தொழில் மீண்டும் எழுந்தது தன் வழியை மாற்றிக்கொண்டதனாலேயே.

உழவையும் வாணிகத்தையும் சிற்பத்தையும் உள்ளிட்ட அறுதொழிலை மக்களுக்குக் கற்பித்தவர் ஆதிபகவன் விருஷபதேவர் என்பது நம் மரபு. ஆதலால் தொழில் தொடங்குதல் நமக்குப் புறம்பானதன்று. இன்று நம் இல்லங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் தொழில் முனைய விரும்பும்போது, 'முதலுக்கு எங்கே போவாய்?' என்று கேட்டு நிறுத்திவிடுகின்றோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: யாரிடம் இத்தொழிலைக் கீழ்ப்படியிலிருந்து கற்கப் போகின்றாய்? முதற்பருவம் தோற்றால் எதனை மாற்றிக்கொள்வாய்? உன் தொழிலால் எவ்வுயிர்க்கு ஊறு நேரும், அதனை எவ்வாறு தவிர்ப்பாய்? இம்மூன்றிற்கும் விடை தேடும் பிள்ளைக்குப் பெற்றோரும் உறவினரும் சில ஆண்டுகள் பொறுமையோடு துணைநிற்க வேண்டும். அத்துணையின்றித் திருப்பூரிலும் எவரும் வளர்ந்ததில்லை.