சரீர உத்தானம் முதல் உடலின் உயிர்ப்பு வரை

பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் ஆலயங்களில் நிற்க இடம் இருப்பதில்லை. ஆண்டு முழுதும் கோவில் வாசலை மிதிக்காதவரும் அன்று சிலுவையை முத்தி செய்ய வரிசையில் காத்து நிற்பர். மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்புக்கு அக்கூட்டத்தில் ஒரு பகுதியே திரும்பி வருகிறது. இதைச் சுட்டிக்காட்டி மக்களைக் கடிந்துகொள்வது குருக்களாகிய எங்களுக்கு எளிதான செயல். ஆனால் தமிழகத்தில் நற்செய்தி அறிவிக்கப்பட்ட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், பொறுப்பு மக்களுடையது மட்டுமன்று என்பது விளங்கும்.

தொடக்கத் திருச்சபையில் உயிர்ப்பு என்பது போதனைகளுள் ஒரு போதனையாக இருக்கவில்லை. அதுவே போதனையாக இருந்தது. பெந்தகோஸ்து நாளில் பேதுரு எருசலேம் மக்களிடம் பேசியதன் மையம் அதுதான். ஏதென்சு நகரில் பவுலடியார் பேசியபோது, இறந்தோர் எழுவது பற்றிக் கேட்டதும் சிலர் நகைத்தனர். சிலர் பிறகு கேட்போம் என்றனர். அதற்கு முன்பே, அவர் ஏதோ அந்நியத் தெய்வங்களை அறிவிக்கிறார் என்ற பேச்சும் அங்கே எழுந்திருந்தது. 'உயிர்ப்பு' என்னும் கிரேக்கச் சொல்லையே ஒரு பெண் தெய்வத்தின் பெயராக அவர்கள் கொண்டார்கள் போலும் என்று விரிவுரையாளர் சிலர் கருதுவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் அவர் வாதம் இன்னும் கூர்மையாகிறது. கிறிஸ்து எழவில்லையென்றால் தம் போதகமும் கேட்போரின் நம்பிக்கையும் ஒருசேர வெறுமையாகிவிடும் என்கிறார். இடைவழி எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1547இல் சென்னைப் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் ஆலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றி பகலவி மொழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அது செதுக்கப்பட்டது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. வியப்பு யாதெனில், அச்சிலுவையில் அறையுண்ட உருவம் இல்லை. மேலே புறா, அடியில் இதழ் விரிந்த மலர். நம் நிலத்தில் இன்று நம் கண்முன் நிற்கும் மிகப் பழைய சிலுவைகளுள் ஒன்று வெறுமையாய், பூத்து நிற்கிறது. அதைச் செதுக்கிய கைகள் எதை எண்ணிச் செதுக்கின என்று ஆணையிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமாவின் பெயரைத் தாங்கும் குன்றில், சாவைக் கடந்த சிலுவை இருப்பது பொருத்தமே. குருதி வடியும் பாடுபட்ட சுரூபம் நமக்கு மேற்கிலிருந்து பின்னர் வந்தது.

அச்சுரூபத்தோடு வந்தவருள் முதன்மையானவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542இல் அவர் முத்துக்குளித்துறையை அடைந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில் தம் போதக முறையை விவரிக்கிறார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டுவார். ஞாயிறுதோறும் ஊர் முழுதையும் கூட்டி, விசுவாச அறிக்கையின் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். பரதவர் கைகளை மார்பில் சிலுவைபோல் வைத்துக்கொண்டு உரத்த குரலில் ஆமென்பர். மற்றெந்தச் செபத்தைவிடவும் இதையே மிகுதியாகச் சொல்லச் செய்ததாகவும் எழுதுகிறார். ஆக, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதும் உடல் எழும் என்பதும் வாரந்தோறும் அக்கடற்கரை மணலில் கேள்வியாகக் கேட்கப்பட்டு, விடையாக முழங்கின.

அம்மொழிபெயர்ப்பு எவ்வளவு தட்டுத்தடுமாறியது என்பதற்கும் அவரே சான்று. அதே 1544இல் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று வருமிடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடவேண்டும், ஏனெனில் 'வேணும்' என்பது விருப்பத்தையே காட்டும். பாடுகளைப் பற்றிய இடத்திலும் வலுவந்தத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை நீக்கச் சொல்கிறார். கிறிஸ்து மனமுவந்தன்றோ பாடுபட்டார்! இரண்டாண்டுகள் அக்கரையில் அறிக்கையிடப்பட்ட விசுவாசம் 'கடவுள் எனக்கு வேணும்' என்று ஒலித்திருக்கிறது. இலக்கணம் பிழைதான், இறைவன் அதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடற்கரையில் வினாவிடையாக இருந்த உயிர்ப்பு, மதுரையில் வாதப் பொருளாயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி எனும் தத்துவ போதகர், தம்மிடம் வந்த கற்றோரோடு பேசியபோது ஒரு பெரும் இடரைக் கண்டார். இறந்தவர் மீண்டும் உயிரோடு வருவார் என்றால் இந்நாட்டவர்க்கு அதில் புதுமை ஏதுமில்லை. ஆன்மா உடலை ஆடைபோல் மாற்றிக்கொண்டு மீளமீளப் பிறக்கும் என்பது அவர்கள் முன்பே அறிந்த கொள்கை. ஆகவே அவர் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று தனிநூலே எழுத வேண்டியதாயிற்று. அந்நூலின் வாதமுறை இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். பிற சமயத்தாரோடு உரையாடும் முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நாம் வேறுவிதமாகக் கற்றிருக்கிறோம். ஆயினும் வேறுபாடு இன்னதென்று அவர் கண்டது உண்மை. மறுபிறப்பில் ஆன்மா தொடர்கிறது, ஆள் தொடர்வதில்லை. முன்னைய பெயரும் முகமும் கழிந்துபோகும். உயிர்ப்பிலோ இதே ஆள், இதே பெயர். மகதலா மரியா பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோதே ஆண்டவரை அறிந்துகொண்டாள்; தோமா ஆணித் தழும்புகளைக் கண்டு அறிந்துகொண்டார்.

இதற்குரிய சொல்லைத் தேடிய முன்னோர் வடமொழியிலிருந்து 'உத்தானம்' என்பதை எடுத்தனர். எழுதல் என்பதே அதன் பொருள். 'சரீர உத்தானம்' என்று நம் பாட்டிமார் செபமாலையின் தொடக்கத்தில் சொன்ன தொடர் அதுவே. பொருள் தெரிந்து சொன்னவர் சிலராகவே இருந்திருப்பர். இன்று 'உடலின் உயிர்ப்பு' என்கிறோம். 'உயிர்ப்பு' பழந்தமிழில் மூச்சைக் குறித்த சொல். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும் இடத்தில் அது துயருற்றோர் விடும் நெடுமூச்சு. பெருமூச்சுக்கு வைத்த சொல்லையே சாவை வென்றதற்கும் நம் மொழி தந்திருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் சீடர்மேல் ஊதினார் என்று யோவான் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அறிக்கையில் உயிர்ப்பு இருந்தது, வாதத்திலும் இருந்தது. கண்ணீர் மட்டும் வெள்ளிக்கிழமைக்குப் போயிற்று. 1705இல் இலங்கைக்குச் சென்ற கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய 'வியாகுல பிரசங்கம்' ஒன்பது பிரசங்கங்களாக ஆண்டவருடைய பாடுகளை விரிக்கிறது. தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்க, கேட்போர் கரைந்து அழும் வழக்கம் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் தலைமுறைகளாக நிலைத்தது. ஒப்பாரியைத் தாய்ப்பாலோடு பருகிய இனம் நாம். இழவு வீட்டின் மொழியை அடிகளார் கிறிஸ்துவின் பாடுகளுக்குக் கொடுத்தபோது, அது நேரே நெஞ்சில் இறங்கியது. அதற்கு இணையாக நெஞ்சை அள்ளும் ஓர் உயிர்ப்புப் பிரசங்கம் நம் மக்கள் நாவில் நிலைக்கவில்லை.

ஒருவரை மட்டும் இதில் விலக்காகச் சொல்ல வேண்டும். நெய்வேலியிலிருந்து மேற்கே சென்று விருத்தாசலத்தைக் கடந்தால் கோணான்குப்பம். அங்குள்ள பெரியநாயகி அன்னை திருத்தலத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணியின் தலைவர் புனித வளனார். ஆண்டவருடைய பாடுகளுக்கு முன்பே வளனார் இறந்துவிட்டார் என்பது மரபு. அவர் சாவோடு காப்பியம் முடிந்திருக்கலாம். முனிவர் முடிக்கவில்லை. பாதாளத்தில் காத்திருக்கும் நீதிமான்களோடு வளனாரை வைத்து, கிறிஸ்து அங்கிறங்கி அவர்களை மீட்பதைப் பாட உத்தானப் படலம் என ஒன்றை அமைத்தார். அதன் பின்னரே முடிசூட்டு. விசுவாச அறிக்கையில் நாம் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துபோகும் பாதாளத்தில் இறங்கிய மறையுண்மைக்கு ஒரு படலத்தையே கொடுத்த தமிழ்ப் புலவர் அவர். நம் மறையுரைகளில் இப்படலம் ஏன் எடுத்தாளப்படுவதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

மக்கள் ஏன் சனி இரவுக்கு வருவதில்லை என்ற வினாவுக்கு நேரான விடை, திருவழிபாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. இருளில் ஒளி ஏற்றுவதற்கென்றே அமைந்த பாஸ்கா திருவிழிப்பு இடைக்காலத்தில் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் நண்பகலுக்குப் பின் திருப்பலி நிறைவேற்றுவதைத் தடைசெய்தபின், அது பெரிய சனி காலையிலேயே நிலைத்துவிட்டது. எண்ணிப் பாருங்கள்: பட்டப்பகல் வெளிச்சத்தில், பெரும்பாலும் ஆளில்லாத கோவிலில், இவ்விரவே பேறுபெற்ற இரவு என்று இலத்தீனில் பாடப்பட்டது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் இதுவே நடந்தது. சவேரியார் காலத்திற்குப் பின் தமிழகத்தில் மனந்திரும்பிய தலைமுறைகள் எவையும் இருளில் ஏற்றப்பட்ட பாஸ்கா ஒளியைத் திருவழிபாட்டில் கண்டதில்லை. கோவில் தராததை மக்கள் தாமே தேடிக்கொண்டனர். பாஸ்கு நாடகம் ஆடினர். உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி வெடி முழக்கி வீதிவலம் வந்தனர். இவற்றை வெறும் ஆரவாரமென்று ஒதுக்கிய குருக்கள் உண்டு. ஞாயிற்றின் மகிழ்ச்சியை மக்களுக்காகக் காத்துவைத்தவை அவையே என்பது என் கருத்து.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் திருவிழிப்பைச் சோதனை முறையில் இரவுக்கு மீட்டார். 1955 நவம்பரில் வெளிவந்த ஆணையால் 1956 முதல் அது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதே 1956இல்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் பதிவு பெற்றது. எனவே இந்நகரியத்துக் கத்தோலிக்கர் காலைத் திருவிழிப்பை அறியாத இளைய சமூகத்தினர். ஷிப்டு முடிந்து சீருடையோடே வந்து கடைசி வரிசையில் மெழுகுதிரி ஏந்துபவர்களும், நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று புகழுரை முடிந்ததும் நழுவுபவர்களும் இங்குண்டு. அவர்களை நான் குறைகூறுவதில்லை.

இறையியலிலும் அக்காலத்தில்தான் விழிப்பு வந்தது. உயிர்ப்பைக் கிறிஸ்துவின் இறைத்தன்மைக்குச் சான்றாக மட்டுமே காட்டி, மீட்பு முழுவதையும் கல்வாரியிலேயே முடித்துவந்தன பழைய பாடநூல்கள். இரட்சகர் சபைக் குரு துர்வெல் 1950இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல், உயிர்ப்பே மீட்பின் மறைபொருள் என்று நிறுவியது. 1963இல் வெளிவந்த சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அடக்கச் சடங்கு கிறிஸ்தவச் சாவின் பாஸ்காப் பண்பை இன்னும் தெளிவாகக் காட்டவேண்டும் என்று கேட்டது. 1969இல் புதிய அடக்கச் சடங்கு முறை வந்தது. கறுப்பு உடையும், தீர்வை நாளின் அச்சத்தைப் பாடிய இலத்தீன் கீதமும் பின்வாங்கின.

சடங்கு மாறியது, நம் பேச்சு மாறிற்றா? இங்கே இழவு வீடுகளில் நான் மிகுதியாகக் கேட்பவை இரண்டு. ஒன்று, எல்லாம் விதி. மற்றொன்று, ஆன்மா இளைப்பாறுகிறது. முதலாவது நம் நம்பிக்கையன்று. இரண்டாவது நம் நம்பிக்கையில் பாதி. 2020 சூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆறு தொழிலாளர் அன்றே மாண்டபோது, நெருப்பில் வெந்தது உடல். அத்தகைய உடலின் முன் நிற்கும் மனைவியிடம் ஆன்மாவைப் பற்றி மட்டும் பேசுவது போதுமா? உழைத்த கை, குழந்தையைத் தூக்கிய தோள், வியர்வை ஊறிய முதுகு - இவையும் கடவுளின் வாக்குறுதிக்குள் இருக்கின்றன என்று திருச்சபை அறிக்கையிடுவதை அவளுக்கு யார் சொல்வது?

நெய்வேலிக்கு வரும் மறையுரையாளர் பலர்க்கு இயல்பாகவே தோன்றும் உவமை ஒன்றுண்டு. பன்னெடுங்காலத்திற்கு முன் மண்ணில் புதைந்த காடு இன்று ஒளியாக எழுகிறது. அதுபோலவே உயிர்ப்பும் என்பர். அழகிய உவமைதான், எனக்கு ஒப்பவில்லை. மரம் நிலக்கரியாவது இயற்கையின் போக்கு. எரிந்தபின் மிஞ்சுவது சாம்பல். எந்த மரம் எரிந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. உயிர்ப்போ இயற்கையின் சுழற்சியன்று. வசந்தம் திரும்புவது போன்றதும் அன்று. பெயர் தெரிந்த ஒருவரைக் கடவுள் எழுப்புகிறார். தத்துவ போதகர் மதுரையில் வாதிட்டதும் இதற்காகவே.

நகரியத்தில் பலரும் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறோம்; இறந்தவரையும் பெரும்பாலும் சொந்த ஊருக்கே எடுத்துச் செல்கின்றனர். ஆகவே ஆலயத்தில் நமக்குக் கிடைப்பது அரைமணி நேரம், வண்டி வெளியே காத்திருக்கும். அந்த அரைமணிக்குள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடக்கச் சடங்கு முறை அதற்கு இடமளிக்கிறது. பாஸ்கா காலம் முடிந்ததும் திருமுழுக்குத் தொட்டியருகே ஒதுங்கி நிற்கும் பாஸ்கா மெழுகுதிரியைக் கொண்டுவந்து, பேழையின் அருகே ஏற்றி வைக்கலாம். இறந்தவரின் திருமுழுக்குப் பெயரைச் சொல்லி மன்றாடலாம். பின்பு, முத்துக்குளித்துறையில் கேட்ட அதே கேள்வியைக் கூடியிருப்போரிடம் கேட்கலாம்: உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா?