மயிலிட்டி வளவுகளில் தேசி, தோடை மரங்களின் இலை மஞ்சளாதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள மயிலிட்டியில், வீட்டு வளவுகளில் நிற்கும் தேசி (தமிழ்நாட்டில் எலுமிச்சை), தோடை, நாரத்தை மரங்களின் இலைகள் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் காரணம் சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் அதே சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் கிணற்று நீருமே. நோயென்று எண்ணிப் பூச்சிமருந்து அடிப்பதால் பயனில்லை. குறை ஊட்டத்தில் இருக்கிறது.

மண்ணும் கிணறும்

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். 1950-இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை அரைத்தது இந்தக் கல்லைத்தான். மயிலிட்டியின் உட்பகுதியில் இக்கல்லின் மேல் செம்பாட்டு மண் படிந்திருக்கிறது. கரையோரம் சிப்பித்தூள் கலந்த மணல். செம்பாட்டின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டின் நிறம். ஆகவே இங்கே இரும்புக்குப் பஞ்சமில்லை. அது கரையாமல் கிடப்பதுதான் சிக்கல். மண்ணின் பீ.எச். பெறுமானம் ஓர் அலகு ஏறினால் கரைந்துள்ள இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். தேசி விரும்புவது 5.5 முதல் 7 வரை. சுண்ணாம்பு மண்ணோ 8-ஐ ஒட்டி நிற்கும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. வேர்நுனி அமிலத்தைக் கசியவிட்டு இரும்பைக் கரைத்தெடுக்கப் பார்க்கும். நீரிலுள்ள இருகாபனேற்று அந்த அமிலத்தை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இந்த இருகாபனேற்றிலிருந்து வருவதே. ஈரம் மிஞ்சினால் மண்ணில் இதன் அளவு மேலும் கூடும். மாரி கொட்டித் தீர்த்தபின் வரும் துளிர் வெளிறியிருப்பதும், வாடுகிறதே என்று நாள்தோறும் இறைக்கப்படும் மரம் இன்னும் மஞ்சளிப்பதும் இதனால்தான்.

மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்று அறிய ஒரு தேசிக்காயே போதும். உலர்ந்த மண்ணில் அதன் புளியைப் பிழிய, அது நுரைத்தால் உண்டு.

இலையைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சளானது துளிரா, முற்றிய இலையா என்பதே. துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. மயிலிட்டியில் முதலில் ஐயுற வேண்டியது இதையே. இளம் இலை சிறுத்து, ஒடுங்கி, நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுகளுடன் நெருக்கமாக வந்தால் நாகக் (துத்தநாகக்) குறை. இவை இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்து வருவதும் வழக்கம். முற்றிய இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் போதவில்லை. முற்றிய இலையின் ஓரம் மஞ்சளாகி, காம்படியில் ஆப்பு வடிவில் பச்சை எஞ்சினால் மகனீசியம். நுனி கருகி இலை உதிர்ந்தால் உப்பைச் சந்தேகிக்கலாம்: இங்கே நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் வில்லை, மின்மோட்டரால் அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும்.

இலையின் இரு பாதிகளும் ஒத்துப்போகாமல் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, காயும் கோணலாகிப் பச்சை மாறாமல் நின்றால் அது ஊட்டக்குறை அன்று. ஆசியாவின் பல நாடுகளில் சிட்ரஸ் தோட்டங்களை அழித்துவரும் பச்சையாதல் நோயாக அது இருக்கலாம். தத்துப்பூச்சி போன்ற சிறு சாறுறிஞ்சி பரப்பும் இதற்கு மருந்தில்லை. உறுதியானால் மரத்தை அகற்றுவதே வழி.

பசளையும் பராமரிப்பும்

துருப்பிடித்த ஆணிகளை மரத்தடியில் புதைப்பது ஊரில் பலரும் சொல்லும் வைத்தியம். இரும்பு ஏற்கெனவே குவிந்துள்ள மண்ணில் இன்னும் கொஞ்சம் துரு சேர்வதால் ஆவது எதுவுமில்லை. அடுப்புச் சாம்பல் அதைவிட மோசம்; அது மண்ணின் காரத்தை ஏற்றும். முட்டைக்கோதும் அப்படியே. கோழியெருவில் பொசுபரசு அதிகம் என்பதால் அளவோடு இட வேண்டும். பொசுபரசு மிஞ்சினால் இரும்பும் நாகமும் மேலும் முடங்கும்.

கந்தகம் இட்டு மண்ணையே மாற்றிவிடலாமே என்றால் கணக்கு இடம் தராது. ஒரு சதுர மீற்றரில் 30 சென்ரிமீற்றர் ஆழத்து மண் ஏறத்தாழ 400 கிலோ. அதில் 5 வீதம் சுண்ணாம்பென்றால் 20 கிலோ. ஒரு கிலோ கந்தகம் முறிப்பது மூன்று கிலோவளவு சுண்ணாம்பை. ஆகவே ஒரு சதுர மீற்றருக்கே ஆறு கிலோவுக்கு மேல் தேவை. வளவு முழுவதையும் மாற்ற நினைப்பது வீண். வேரைச் சுற்றிய சிறு இடத்தை மட்டும் மாற்றலாம். அதற்குக் குடாநாட்டுக் கமக்காரரின் பழைய வழக்கமே நல்ல வழி. பூவரசங் குழையையும் பனையோலையையும் வெட்டித் தாழ்ப்பார்கள். மரத்தின் கிளைவிரிவு முடியும் இடத்தில் சிறு கிடங்குகள் வெட்டி, குழையோடு மக்கிய மாட்டெருவும் சேர்த்து மூடினால், மக்கும்போது உண்டாகும் சேதன அமிலங்கள் இரும்பைக் கட்டிப்பிடித்து வேருக்கு எட்டச் செய்யும். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 20 முதல் 30 கிலோ எரு போதும். அடிமரத்தில் எருவைக் குவித்தால் பட்டை அழுகும்.

விரைவான பலன் வேண்டுமென்றால் கொடுக்கிணைப்பு (கிலேற்று) இரும்புப் பசளை இருக்கிறது. கடையில் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிலைக்கும், விலையும் கூட. நாகக் குறைக்கு ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் நாக சல்பேற்றும் அதில் பாதியளவு நீற்றுச் சுண்ணாம்பும் கரைத்து, வெயில் தணிந்தபின் இளம் இலைகளில் தெளிக்கலாம். சுண்ணாம்பு மண்ணுக்கா சுண்ணாம்பு என்று தயங்க வேண்டாம். கரைசலால் இலை கருகாமல் இருக்கவே அது. நைதரசனுக்கு யூரியாவைவிட அமோனியம் சல்பேற்று இம்மண்ணுக்குப் பொருந்தும். இரண்டையும் மேலே தூவிவிட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும். மண்ணில் மூடி நீர் விட வேண்டும்.

மீள்குடியேறிய வளவுகள்

1990 ஜூனில் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3 அன்றுதான் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளில் இடிந்துபோன வீடுகளின் சீமெந்தும் சாந்தும் பல வளவுகளில் மண்ணோடு கலந்து கிடந்தன. இவையும் சுண்ணாம்பே. இத்தகைய இடத்தில் கன்று நட, ஒரு மீற்றர் அகல ஆழத்தில் கிடங்கு வெட்டி, கல்லையும் இடிபாட்டையும் அகற்றி, நுரைக்காத செம்பாட்டு மண்ணும் எருவும் இட்டு நிரப்ப வேண்டும்.

ஒட்டுக்கன்று வாங்குவோர் அடிக்கட்டை எதுவென்று கேட்டு வாங்குங்கள். மூவிலைத் தோடைக் கட்டை சுண்ணாம்பைத் தாங்காது. அதில் ஒட்டிய கன்று மயிலிட்டிக்கு வேண்டாம்.