எஞ்சினுக்குப் பசியா, அஜீரணமா?

விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றின் மைதானத்துக்கு விடியற்காலையில் நாம் சென்றால், அங்கே ஒரு காட்சியைக் காணலாம். பறக்கப் புறப்படும் மாணவர், பெட்ரோல் தொட்டியின் அடியிலுள்ள சிறு திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடிப்பார். அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து உற்று நோக்குவார். அவர் தேடுவது தண்ணீரை. பாதி காலியாக இருக்கும் தொட்டியில் இரவின் ஈரக் காற்றுக் குளிர்ந்து துளித் துளியாக இறங்கும். பெட்ரோலைவிடக் கனமான அத்துளிகள் அடியில் போய்த் தங்கும். அவை எஞ்சினைச் சென்றடைந்தால் எஞ்சின் நின்று விடும். மோட்டார் வண்டி வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் அந்த வசதி இல்லை.

பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அந்தக் கருவியின் பக்கத்திலே ஒரு சிறு அறை; அதில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, ஊசி போன்ற அடைப்பான் ஒன்றினால் வழியை மூடும். மட்டம் தாழ்ந்தால் வழியைத் திறக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்கிற வேலையேதான் இது. பெட்ரோல் குறைந்தாலும் எஞ்சின் நிற்கும், அளவுக்கு மீறினாலும் நிற்கும். பசியால் மயங்கியவனும் அஜீரணத்தால் மயங்கியவனும் ஒரே மாதிரிதான் சாய்ந்து கிடக்கிறார்கள்; மருந்துதான் வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் விமானியின் உயிர் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டின் மழைக்காலத்துக்கு ஏற்ற ஓர் உதாரணம் சொல்லலாம். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் இறங்கி விடக்கூடும். ஆகவே வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கையிலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், உள்ளே பனிக்கட்டி படியும். வியர்த்துக் கொட்டும் நாளில் பனிக்கட்டியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் உண்மை அதுதான். கட்டி வளர வளரக் காற்றின் வழி அடைபடும், கலவையில் பெட்ரோல் மிகும், எஞ்சின் திணறும். புகைபோக்கியைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடுவதே இதற்குப் பரிகாரம். விட்டவுடன் கட்டி உருகி, அந்த நீர் எஞ்சினுக்குள் சென்று, சில வினாடிகள் நிலைமை முன்னிலும் மோசமாகும். அனுபவமற்றவர் பயந்து, சூடான காற்றை உடனே மூடி விடுவார். அங்கேதான் காரியம் கெடுகிறது. பிறகு விமானம் வயலில் இறங்கி, சோதிப்பவர் வந்து மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது கட்டி உருகி மறைந்திருக்கும். குற்றவாளியும் இல்லை, தடயமும் இல்லை!

மிதவைக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. மேல் கீழ் என்னும் நியதி மாறாதவரைக்குமே அது ஒழுங்காக வேலை செய்யும். நம் நாட்டு விமானிகள் பலர் பறக்கக் கற்ற டைகர் மாத் விமானத்தை எடுத்துக் கொள்வோம். அதன் எஞ்சினில் நான்கே சிலிண்டர்கள். சுமார் 130 குதிரைச் சக்தி. பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையின் நடுவே அமர்ந்திருக்கும். எண்ணெய் விளக்கில் எண்ணெய் இறங்குவது போலப் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எஞ்சின் ஓய்ந்து விடும். நிமிர்த்தினால் மறுபடி பிடித்துக் கொள்ளும். பயிற்சியில் இது ஒரு வேடிக்கை. யுத்தத்தில் அப்படியல்ல.

1940ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டிஷ் ஆகாயத்தில் நடந்த போரில், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய இரு விமானங்களையும் இயக்கியது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின். 12 சிலிண்டர்களும் ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேலும் உடைய பேரியந்திரம் அது. ஆனால் அதன் கார்புரேட்டரிலும் மிதவையே இருந்தது. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்திப் பாய்ந்து தப்பினார். பின்தொடர்ந்த பிரிட்டிஷ் விமானி அவ்வாறே செய்தால் அவருடைய எஞ்சின் இருமி நின்றது. அதைத் தவிர்க்க, அவர் முதலில் விமானத்தைப் பாதி புரட்டி, பிறகே கீழே பாய வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தொலைவில் சென்றிருப்பான். எதிரி பின்னால் வந்தாலோ, நேரம் இழந்தவர் தம்மையே இழக்கவும் நேரலாம். மிதவை வைத்ததை வெறும் பிழை என்று நாம் சொல்லி விடக் கூடாது. பெட்ரோல் முன்னதாகவே ஆவியாகிக் கலவையைக் குளிர்வித்தால் சக்தி கூடும் என்று கருதியே ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் கார்புரேட்டரை விரும்பினார்கள். அந்தக் கணக்கும் சரியானதே.

எஞ்சின் ஏன் நின்றது? பசி என்றுதான் எவரும் முதலில் நினைப்பர். ஃபார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் இது துருவி ஆராயப்பட்டது. மூக்கு தாழ்ந்ததும் பெட்ரோல் அறையின் கூரைக்கு எழும்புகிறது. அடியிலுள்ள துளைகளுக்குக் கிட்டாமற்போக, எஞ்சின் கண நேரம் பட்டினி கிடக்கிறது. இது சிறு தடங்கல். மறுகணமே, மிதவையும் நிலைமாறி அடைப்பானை முற்றும் திறந்து விடுகிறது. பம்பு தன் முழு வேகத்தில், எஞ்சினுக்கு வேண்டியதைவிட மிக அதிகமான பெட்ரோலை உள்ளே கொட்டுகிறது. கரும்புகை எழும்ப, எஞ்சின் மூச்சு முட்டி நிற்கிறது. பெருந்தீங்கு இந்த இரண்டாவது நிலையிலேதான். முதலில் பசி, பிறகு அஜீரணம்!

இதற்கு உடனடிப் பரிகாரம் கண்டவர் அந்நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். 1909இல் பிறந்து, மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பயின்றவர். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். கார்புரேட்டரையே மாற்றுவதற்குக் காலம் பிடிக்கும். விமானங்களோ நாள்தோறும் போருக்குப் போய்க் கொண்டிருந்தன. ஷில்லிங் ஒரு சிறு பித்தளைத் துண்டில் துளையிட்டு, அதைப் பெட்ரோல் வரும் குழாயில் பொருத்தச் செய்தார். எஞ்சின் முழுச் சக்தியோடு ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் செலவாகுமோ, ஏறக்குறைய அவ்வளவே செல்லும்படி துளையின் அளவு கணக்கிடப்பட்டது. பம்பு எவ்வளவுதான் தள்ளினாலும் இனி வெள்ளமில்லை. முதலில் தையற்காரரின் விரலுறை போன்ற வடிவில் இருந்த அத்துண்டு, பின்னர் வெறும் தட்டை வளையமாக எளிமையாயிற்று. பொருத்துவதற்கு விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துக்குள் ஷில்லிங்கும் அவருடைய சிறு குழுவினரும் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்திக் கொடுத்தனர். விமானப் படையினர் வளையத்துக்கு அவர் பெயரையே சூட்டிச் சற்றுக் குறும்பாக அழைத்தார்கள்.

முதல் சிறு தடங்கல் இதனால் தீரவில்லை. நெடுநேரம் தலைகீழாகப் பறக்கவும் இது உதவவில்லை. மிதவை அறையே இல்லாமல் அழுத்தத்தினால் இயங்கும் புதிய வகைக் கார்புரேட்டர் 1943இல் வந்து சேர்ந்த பிறகே அந்தக் குறை நீங்கியது. அதுவரை, எஞ்சின் நிற்குமோ என்ற ஐயமின்றி விமானிகள் எதிரியைத் தொடர்ந்து கீழே பாய்வதற்கு அந்தப் பித்தளை வளையமே துணையாக இருந்தது. ஷில்லிங் 1969 வரை ஃபார்ன்பரோவிலேயே பணியாற்றினார்.