தான் பிறந்த சிப்பைக் கைவிட்ட லினக்ஸ்

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 கம்பியூட்டரில்தான். 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவை நீக்க அவரே சம்மதித்தார்.

வயது மட்டும் காரணமல்ல. 386இல் இல்லாத சில வசதிகள் 486இல் வந்துவிட்டன. அந்தக் குறையைச் சமாளிக்கவே தனி நிரல்களைப் பராமரிக்க வேண்டியிருந்தது. புதிய மாற்றங்களுக்கு அவை இடைஞ்சலாக நின்றன. பாவிப்பவர்களோ மிக அரிது.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. ஆனால் இங்கே கதை வேறு. நன்றாக ஓடும் பல கம்பியூட்டர்கள், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் போன்ற நிபந்தனைகளால் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை.

சுமப்பவர் யார், நம்பியிருப்பவர் யார் என்று இரண்டையும் பார்த்தே கைவிட வேண்டும். உங்கள் பழைய கம்பியூட்டரை வீசுவதற்கு முன் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். 386ஐ விட்ட லினக்ஸ், இவற்றை இன்னும் விடவில்லை.